ராமேஸ்வரம் விடுதியின் இணையதளத்தில் எதை எண்ண வேண்டும்?

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பெட்டியில் பலர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் அறை போடாத சிலர் கைப்பேசியில் விடுதி தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு விடுதியின் இணையதளம் திறக்கிறது. வாடகை எவ்வளவு, அக்னி தீர்த்தம் எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று பார்க்கிறார்கள். மனதுக்குப் பிடித்தால் எண்ணைத் தட்டி, "சார், இன்னைக்கு ரூம் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். வியாபாரம் அந்த ஒரு போனில் முடிந்துவிடுகிறது. வருவோரை எண்ணுவதற்காகத் தளத்தில் பொருத்தியிருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவி அந்தப் போனை எண்ணவே இல்லை. அதன் கணக்கில் ஒருவர் வந்தார், ஒரு பக்கம் பார்த்தார், 40 விநாடி இருந்தார், போய்விட்டார்.

இந்தக் கரையோரத்தில் தளம் நடத்துகிறவர்களின் சிக்கல் இதுதான். ராமேஸ்வரம் விடுதி, மண்டபம் கருவாடு, ராமநாதபுரம் முண்டு மிளகாய், கீழக்கரைத் தொதல் இனிப்பு, பனங்கருப்பட்டி, தர்ப்பண ஏற்பாடு என எதை எடுத்தாலும் பேச்சு போனிலோ வாட்ஸ்அப்பிலோதான் முடிகிறது. அனலிட்டிக்ஸ் கருவிகள் தளத்துக்குள்ளேயே பணம் கட்டி வாங்கும் கடைகளை மனதில் வைத்து வளர்ந்தவை. பொருத்திய கையோடு அது காட்டும் எண்களை மட்டும் நம்பினால் எந்தப் பக்கம் சோறு போடுகிறது, எது வெறுமனே கூட்டம் சேர்க்கிறது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும். வாடிக்கையாளர் கடைசியாகச் செய்யும் காரியம் எது என்பதைக் கருவிக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற எண்களுக்குப் பொருள் வரும்.

கருவி தானாக எண்ணுவது

கூகுள் 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாகத் தந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 அக்டோபரில் வந்த ஜிஏ4. அதற்கு முந்தைய வடிவம் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு எடுப்பதை நிறுத்திவிட்டது. பழைய வீடியோ பாடங்களைப் பார்த்து இன்று பொருத்துகிறவர்கள் குழம்புவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். சொற்கள் அதே; பொருள் வேறு.

பழைய வடிவத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அது 'பவுன்ஸ்'. ஐந்து நிமிடம் படித்திருந்தாலும் அப்படித்தான். ஜிஏ4இல் ஒரு வருகை 10 விநாடியைத் தாண்டினாலோ, இரண்டு பக்கம் பார்க்கப்பட்டாலோ, நாம் முக்கியம் என்று குறித்த ஒரு செயல் நடந்தாலோ அது 'ஈடுபாடுள்ள வருகை'. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாதவைதான் இப்போது பவுன்ஸ். 30 நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் வருகை முடிந்ததாகக் கணக்கு. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தால் அது இன்னொரு வருகை. ஈடுபாட்டு நேரம் என்பது பக்கம் திரையில் முன்னால் இருந்த நேரம் மட்டுமே. வேறு செயலிக்குப் போய்விட்டால் கடிகாரம் நின்றுவிடும்.

'யூசர்' என்று காட்டுவது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பிரவுசரில் போடப்படும் ஒரு குக்கியை, அதாவது சிறு அடையாளக் குறிப்பை, வைத்து எண்ணுகிறது. வீட்டுக் கணினியில் பார்த்துவிட்டுக் கைப்பேசியிலும் பார்ப்பவர் இரண்டு பேர். ஐபோனின் சஃபாரி அந்தக் குக்கியை ஏழு நாளில் அழித்துவிடும் என்பதால், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவரும் புதியவராகவே தெரிவார். ஆகவே 'புதியவர், பழையவர்' விகிதத்தை வைத்துப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

இதைத் தவிர 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அது 'ஆன்' ஆகியிருந்தால் பக்கத்தின் 90 சதவீதம் வரை உருட்டியது, வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பைத் தட்டியது, கோப்பு இறக்கியது, பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோவைப் பார்த்தது, தளத்துக்குள் தேடியது, படிவம் நிரப்பியது ஆகியவையும் எண்ணப்படும். இதில் படிவக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சில படிவங்களில், பிழை வந்து திரும்பியதையும் அனுப்பியதாகச் சேர்த்துவிடும். அனுப்பியபின் 'நன்றி' பக்கம் ஒன்றைத் திறக்கச் செய்து அந்தப் பக்கத்தின் பார்வையை எண்ணுவதே உறுதியான வழி.

போனையும் வாட்ஸ்அப்பையும் எண்ண வைப்பது

மேலே சொன்ன பட்டியலில் போன் எண் இல்லை. வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பைத்தான் கருவி கவனிக்கிறது. போன் எண்ணைத் தட்டுவது எந்தத் தளத்துக்கும் போவதில்லை, கைப்பேசியின் டயலரைத் திறக்கிறது. அதனால் விட்டுவிடுகிறது. வாட்ஸ்அப் இணைப்போ வாட்ஸ்அப்பின் முகவரிக்குப் போவதால் பொதுவான 'கிளிக்' என்ற பெயரில் மற்ற வெளி இணைப்புகளோடு கலந்து பதிவாகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

முதலில் தளத்தையே பாருங்கள். விடுதியின் பேனர் படத்துக்குள் போன் எண்ணை எழுத்தாக வரைந்து வைத்திருந்தால் அதைத் தட்டவும் முடியாது, எண்ணவும் முடியாது. எண் உண்மையான இணைப்பாக, 'டெல்' (tel) என்று தொடங்கி முக்காற்புள்ளியும் (:) +91உம் சேர்ந்த வடிவில் இருக்க வேண்டும். +91 இல்லாவிட்டால் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் கீழக்கரைக்காரர் தட்டும்போது அழைப்பு போகாது.

வாட்ஸ்அப்புக்கு நிரல் எதுவும் எழுத வேண்டாம். ஜிஏ4இன் அட்மின் பகுதியில் 'ஈவென்ட்ஸ்' (கருவி எண்ணும் செயல்கள்) என்பதற்குள் போய்ப் புதிய ஈவென்ட் ஒன்றை உருவாக்குங்கள். இரண்டு நிபந்தனை போதும்: ஈவென்ட் பெயர் 'கிளிக்' ஆக இருக்க வேண்டும், இணைப்பின் டொமைன் உங்கள் தளத்தில் பயன்படுத்தியிருக்கும் வாட்ஸ்அப் முகவரியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்குக் குறுமுகவரி, நீள்முகவரி என இரண்டு உண்டு. பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து அதையே கொடுங்கள். தளம் செய்து கொடுத்தவர் ஒரு பக்கத்தில் ஒன்றும் இன்னொன்றில் மற்றதும் போட்டிருந்தால் பாதித் தட்டல்கள் கணக்கில் வராது.

போனுக்குக் கூகுள் டேக் மேனேஜர் வேண்டும். தளத்தில் எதை எப்போது எண்ண வேண்டும் என்று அமைத்துக்கொள்ளும் கருவி அது. அதில் 'கிளிக் யுஆர்எல்' என்ற மாறியை இயக்கி, இணைப்புக் கிளிக்குக்கான ட்ரிகர் (எப்போது இயங்க வேண்டும் என்ற விதி) ஒன்றை அமைத்து, அந்த முகவரி 'டெல்' என்று தொடங்கும்போது மட்டும் இயங்கும்படி நிபந்தனை கொடுங்கள். பிறகு ஜிஏ4க்குத் தகவல் அனுப்பும் ஈவென்ட் டேக் ஒன்றை அந்த ட்ரிகரோடு இணையுங்கள். ஈவென்ட் பெயர் 40 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கருவிக்கு வேறு வேறு; ஒரே செயல் இரண்டு பெயரில் பிரிந்து கிடக்கும். 'ப்ரிவ்யூ' முறையில் உங்கள் கைப்பேசியிலிருந்தே எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஜிஏ4இன் ரியல்டைம் அறிக்கையில் அது தெரிய வேண்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் டேக் மேனேஜரில் 'சப்மிட்' அழுத்த மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ப்ரிவ்யூவில் வேலை செய்யும், வெளியே யாருக்கும் வேலை செய்யாது.

இரண்டு ஈவென்ட்டும் வரத் தொடங்கியதும் அவற்றை 'கீ ஈவென்ட்' என்று குறித்துவிடுங்கள். 2024 மார்ச் வரை இதற்குக் 'கன்வெர்ஷன்' என்று பெயர். குறித்த நாளிலிருந்துதான் கணக்கு. முன்னால் நடந்தவை திரும்பி வராது. அதனால் கூட்டம் வரும் மாதத்துக்கு முன்பே இதை முடித்து வைப்பது நல்லது.

அதே நாளில் இன்னொரு வேலை. அட்மினில் 'டேட்டா ரிடென்ஷன்' (தரவை வைத்திருக்கும் காலம்) என்ற இடத்தில் 2 மாதம் என்று இருக்கும். அதை 14 மாதம் ஆக்குங்கள். வழக்கமான அறிக்கைகளை இது பாதிக்காது. ஆனால் நாமே அறிக்கை அமைத்துப் பார்க்கும் 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் போன வருட ஆடி அமாவாசையை இந்த வருடத்தோடு வைத்து ஆராய வேண்டுமென்றால் 2 மாதத் தரவு எதற்கும் உதவாது. அழிந்தது அழிந்ததுதான்.

எங்கிருந்து வந்தார்கள்

ஊர்ப் பக்கத் தளங்களில் 'டைரக்ட்' என்ற வரிசை வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கும். முகவரியை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்தவர்கள் என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாரும் அங்கேதான் போய் விழுவார்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பைத் தட்டி வருபவருக்கு முந்தைய இடத்தின் தகவல் பெரும்பாலும் வருவதில்லை. குடும்பக் குழுவில் மாமா பகிர்ந்த விடுதி இணைப்பும், விசிட்டிங் கார்டின் கியூஆர் குறியும், பிடிஎஃப் விலைப்பட்டியலும் ஒரே மூட்டையில் கிடக்கும்.

இதைப் பிரிக்க யுடிஎம் என்ற வால்களை இணைப்பின் கடைசியில் சேர்க்கிறார்கள். மூலம், ஊடகம், பிரசாரம் என்று மூன்று சொல். ஆட்டோ ஸ்டாண்ட் பலகைக்கு ஒன்று, விசிட்டிங் கார்டுக்கு ஒன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராம் முகப்புக்கு ஒன்று என்று தனித்தனி இணைப்பு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊடகம் என்ற இடத்தில் மனம் போனபடி சொல் போட்டால் கருவி அதை எந்த வகையிலும் சேர்க்கத் தெரியாமல் 'அன்அசைன்டு' என்று ஒதுக்கிவிடும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் மட்டும் இந்த வாலை ஒருபோதும் ஒட்டாதீர்கள். கூகுள் தேடலில் வந்தவர் முகப்புப் பட்டையைத் தட்டியதும் பட்டையிலிருந்து வந்தவராக மாறிவிடுவார்.

விடுதிக்காரர்கள் எல்லாரும் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கூகுள் மேப்பில் தெரியும் உங்கள் வணிகக் குறிப்பில் கொடுத்திருக்கும் தள முகவரிக்கு வால் சேர்ப்பது. சேர்க்காவிட்டால் மேப்பிலிருந்து வந்தவரும் சாதாரணத் தேடலில் வந்தவரும் ஒரே வரிசையில் 'கூகுள் ஆர்கானிக்' என்று நிற்பார்கள். அப்போது கட்டுரைப் பக்கங்கள் வேலை செய்கின்றனவா, மேப் குறிப்பு வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மேப்பிலேயே 'அழை' என்பதைத் தட்டியவர் உங்கள் தளத்தைத் தொடுவதே இல்லை. அந்த எண்ணிக்கை வணிகக் குறிப்பின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் தனியாக இருக்கும்.

ஊர்ப்பெயர் அறிக்கையைக் கண்டு ஏமாற வேண்டாம். கருவி ஊரைக் கணிப்பது இணைய முகவரியை வைத்து. கைப்பேசி இணையத்தில் அந்த முகவரி நிறுவனத்தின் பெருநகர வாசலைக் குறிக்கலாம். தொண்டியில் உட்கார்ந்திருப்பவர் சென்னை என்று பதிவாவது சகஜம். நாடு வரைக்கும் ஓரளவு நம்பலாம். கீழக்கரைத் தொதல் விற்பவருக்கு அமீரகத்திலிருந்து வருகை எவ்வளவு என்று பார்க்க அது போதும்.

பக்கத்துக்குப் பக்கம் வேலை வேறு

எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் அறிக்கை படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. வழி சொல்லும் பக்கத்துக்கு ஒருவர் வந்து, 15 விநாடியில் மேப்பைத் தட்டிப் போய்விட்டால் அது வெற்றி. வாடகைப் பக்கத்தில் ஒருவர் நான்கு நிமிடம் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தால், அவர் ரசித்துப் படிக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று பேருக்கு எவ்வளவு, ஏசி சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை மணிக்கு அறை தருவார்கள் என்று தேடித் தவிக்கிறார் என்றும் இருக்கலாம். ஈடுபாட்டு நேரம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற இலவசக் கருவி திரையசைவைப் பதிவு செய்து காட்டும். அறைப் படத்தைப் பொத்தான் என்று எண்ணித் தட்டித் தட்டிப் பார்ப்பது, எதுவும் நடக்காத இடத்தில் கோபமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவது எல்லாம் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாரத்துக்குப் பத்துப் பதிவு பார்த்தால் போதும், எண்கள் சொல்லாத காரணம் கண்ணில் படும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் தொடங்கிய வருகைகளில் எத்தனை போனிலோ வாட்ஸ்அப்பிலோ முடிந்தன என்ற விகிதத்தைப் பாருங்கள். 'லேண்டிங் பேஜ்' அறிக்கையில் இது இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: '22 தீர்த்தங்கள்' பற்றிய கட்டுரைக்கு மாதம் 3000 வருகை, 15 தட்டல் என்று வையுங்கள், அரை சதவீதம். வாடகைப் பக்கத்துக்கு 400 வருகை, 36 தட்டல், 9 சதவீதம். இதைப் பார்த்துத் தீர்த்தக் கட்டுரையைத் தூக்கிவிடக் கூடாது. அதன் வேலை வாடகைப் பக்கத்துக்கு ஆள் அனுப்புவது. எத்தனை பேரை அனுப்புகிறது என்பதை எக்ஸ்ப்ளோரில் 'பாத்' ஆய்வு காட்டும். யாரையும் அனுப்பவில்லை என்றால் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பத்தியில் 'எங்கள் விடுதி' என்று ஒட்டிவைத்தால் அங்கே வருபவர் குறைவு. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணி மாற்ற வேண்டும் என்று கட்டுரை சொல்லும் அதே இடத்தில், சில மணி நேரத்துக்கு மட்டும் அறை கிடைக்கும் என்ற இணைப்பு இருந்தால், அதைப் படிப்பவர் தேடிக்கொண்டிருப்பதும் அதுவே.

சின்னத் தளங்களில் எண்ணிக்கையும் சின்னது. போன மாதம் 16 தட்டல், இந்த மாதம் 22 என்றால் வளர்ச்சி என்று கொண்டாட முடியாது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்ற இறக்கம் சும்மாவே வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். 16க்கு வர்க்கமூலம் 4. 8 முதல் 24 வரை எதுவும் தற்செயலாக நேரலாம். 100 தட்டல் இருந்தால் 80க்குக் கீழோ 120க்கு மேலோ போனால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பொத்தான் நிறத்தை மாற்றிவிட்டு ஒரு வாரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கூகுள் தேடலில் எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் தெரிகிறது என்பதை அனலிட்டிக்ஸ் சொல்லாது. அது கூகுளின் இன்னொரு கருவியான சர்ச் கன்சோலின் வேலை. 16 மாதத் தரவு கிடைக்கும். ஒரே தேடல் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்ட தமிழிலும், இந்தியிலும் தெலுங்கிலும் வரும் என்பதால், இந்தக் கரையில் தேடல் சொற்களைக் கூட்டிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'தர்ப்பணம்' என்ற ஒரு சொல்லுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல் என்று பார்த்தால் புரியும்.

மெதுவாகத் திறக்கும் பக்கம் கணக்கிலேயே வராது

பக்கத்தின் வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவு வைத்திருக்கிறது. பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ திரையில் தெரிய 2.5 விநாடிக்குள், தட்டியதற்குப் பக்கம் அசைய 200 மில்லி விநாடிக்குள், வரும்போது உள்ளடக்கம் இடம் பெயரும் அளவு 0.1க்குள். நூறு வருகையில் 75க்காவது இப்படி இருக்க வேண்டும். இரண்டாவது அளவு 2024 மார்ச் 12 அன்று பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தால், குரோம் பயன்படுத்துவோரின் கடந்த 28 நாள் அனுபவம் மேலே வரும். சின்னத் தளங்களுக்குப் போதிய தரவு இல்லாமல் அந்த இடம் காலியாக இருக்கலாம். அப்போது கீழே உள்ள சோதனைக்கூட அளவை வைத்துக்கொள்ளுங்கள். அது மெதுவான 4ஜி வேகத்தை, அதாவது விநாடிக்கு 1.6 மெகாபிட்டை, எடுத்துக்கொண்டு கணிக்கிறது.

அந்த வேகத்தில் விநாடிக்கு 0.2 மெகாபைட் இறங்கும். கைப்பேசியில் எடுத்த 4 எம்பி அறைப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அது மட்டும் 20 விநாடி. அதையே 1200 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 150 கேபிக்கு இறக்கினால் ஒரு விநாடிகூட ஆகாது. படத்தின் அகலமும் உயரமும் நிரலில் குறிக்கப்பட்டிருக்கட்டும். இல்லையென்றால் படம் வந்து இறங்கியதும் போன் பொத்தான் கீழே நழுவும். தட்ட வந்த விரல் வேறெதையோ தட்டும். முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் 'லேசி லோடிங்' (உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை) போடாதீர்கள், அது தாமதத்தைக் கூட்டும். கீழே உள்ள படங்களுக்குப் போடலாம். தமிழ் எழுத்துரு நான்கு தடிமனில் இறக்குவதும் வீண் சுமை. ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. தலைப்புக்கு மட்டும் ஒன்று போதும்.

வேகத்துக்கும் அனலிட்டிக்ஸுக்கும் பலர் கவனிக்காத ஓர் உறவு இருக்கிறது. கருவியின் நிரல் இறங்கும் முன்பே சலித்துப் போய்விட்டவர் கணக்கில் வருவதே இல்லை. மெதுவான தளத்தின் அறிக்கை, காத்திருந்தவர்களை மட்டுமே காட்டும். அதனால் ஈடுபாடு நன்றாக இருப்பதுபோல் தெரியும். படங்களைச் சுருக்கியபின் வருகை கூடி ஈடுபாட்டு விகிதம் சற்று இறங்கினால் பயப்பட வேண்டாம். முன்பு பதிவாகாமல் போனவர்கள் இப்போது பதிவாகிறார்கள். சர்ச் கன்சோல் காட்டும் கிளிக்குகளையும் அனலிட்டிக்ஸ் காட்டும் கூகுள் தேடல் வருகைகளையும் அருகருகே வையுங்கள். விளம்பரத் தடுப்பான்களால் கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அந்தப் பக்கத்தின் எடையைச் சோதியுங்கள்.

பஞ்சாங்கத்தை வைத்து ஒப்பிடுங்கள்

அறிக்கையின் மேல்மூலையில் 'போன வருடம் இதே காலம்' என்று ஒரு வசதி இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு அது பெரும்பாலும் தவறான பதிலைத்தான் தரும். ஆடி அமாவாசை 2024இல் ஆகஸ்ட் 4. 2025இல் ஜூலை 24. 2026இல் ஆகஸ்ட் 12. ஜூலையை ஜூலையோடு ஒப்பிட்டால் 2025இல் தளம் சட்டென்று வளர்ந்ததுபோலவும் 2026இல் சரிந்ததுபோலவும் காட்டும். இரண்டும் உண்மையில்லை. தை அமாவாசை 2025இல் ஜனவரி 29, 2026இல் ஜனவரி 18. மகாளய அமாவாசை 2024இல் அக்டோபர் 2, 2025இல் செப்டம்பர் 21. அமாவாசை நாளை முடிவாக வைத்து அதற்கு முந்தைய 21 நாளை 'கஸ்டம்' தேதியாகக் கொடுத்து, அமாவாசையை அமாவாசையோடு ஒப்பிடுங்கள். எத்தனை நாளுக்கு முன்னால் தட்டல்கள் ஏறத் தொடங்குகின்றன என்பதும் அதிலேயே தெரியும். வாடகையைப் புதுப்பிக்கவும் விளம்பரம் போடவும் சரியான நாள் அதுதான்.

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு இன்னொரு கணக்கு. ஹிஜ்ரி துல்கஅதா மாதத்தில் வருவதால் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். மீன்பிடித் தடைக்காலம் மட்டும் ஆங்கிலத் தேதியில் நிலையானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீனும் கருவாடும் விற்கும் தளங்கள் அந்தக் காலத்துக்கு வருடத்தை வருடத்தோடு அப்படியே ஒப்பிடலாம். இப்படி மூன்று நாட்காட்டி ஓடும் கரை இது. கருவிக்கு ஒன்றுதான் தெரியும்.

போக்குவரத்தையும் மறக்கக் கூடாது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்குள் ரயில் வரவில்லை. அந்த இடைக்காலத்து எண்களை இன்றைய எண்களோடு வைத்து 'வளர்ச்சி' என்று சொன்னால் பாலத்தின் பலனைத் தளத்தின் கணக்கில் எழுதுவதாகும். புயல் எச்சரிக்கை, ரயில் ரத்து, தொடர் விடுமுறை, தளத்தில் செய்த மாற்றம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

எண்ணே தவறாக இருக்கும் இடங்கள்

ஈடுபாட்டு விகிதம் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் மகிழ வேண்டாம். தளத்தின் வடிவமைப்பான தீமிலும், கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் ப்ளக்இன்னிலும் ஒரே அனலிட்டிக்ஸ் நிரல் இருமுறை ஏறியிருக்கலாம். ஒவ்வொரு பார்வையும் இரண்டாகிவிட, இரண்டு பக்கம் பார்த்தவராகக் கருதப்பட்டு எல்லாரும் ஈடுபாடுள்ளவர் ஆகிவிடுவார்கள்.

கணக்குத் தொடங்கும்போது நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருந்துவிட்டால் நம் நேரத்துக்கும் அதற்கும் 12.30 அல்லது 13.30 மணி நேர வித்தியாசம். ஆடி அமாவாசை அன்று காலை 6 மணிக்கு வந்த தட்டல் முந்தின நாள் மாலை 5.30 என்று பதிவாகும். இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்; மாற்றிய பின் வருவதற்குத்தான் அது பொருந்தும். சர்ச் கன்சோலின் நாள் கணக்கு பசிபிக் நேரம்தான், அதை மாற்ற முடியாது.

பக்க முகவரியைத் தமிழில் வைத்தால் அழகுதான். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து என ஒன்பதாக விரியும். 'ராமேஸ்வரம்' என்ற சொல்லில் பத்துக் குறி. முகவரியில் அது 90 எழுத்து. ஜிஏ4இல் நாமே சேர்க்கும் தகவலுக்கு 100 எழுத்துதான் வரம்பு. இரண்டு சொல்லிலேயே அறுந்துபோய், வெவ்வேறு பக்கங்கள் ஒன்றுபோல் தெரியும். முகவரியைக் குறுகிய ஆங்கில எழுத்தில் வைத்துத் தலைப்பைத் தமிழில் வையுங்கள்.

தர்ப்பண முன்பதிவுப் படிவங்களில் ஒரு மோசமான பிழையைக் கவனிக்க வேண்டும். படிவம் 'கெட்' முறையில் அமைந்திருந்தால் பெயர், கோத்திரம், நட்சத்திரம், கைப்பேசி எண் எல்லாம் அடுத்த பக்கத்தின் முகவரியில் ஒட்டிக்கொண்டு அப்படியே கூகுளுக்குப் போய்விடும். ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக் கூடாது என்பது அந்தக் கருவியின் விதி. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் பொறுப்பை இன்னும் கூட்டுகிறது. இறந்துபோன தகப்பனாரின் பெயரை நம்பி எழுதிக் கொடுப்பவருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையும் அதில் இருக்கிறது. தகவல் முகவரியில் ஒட்டாத 'போஸ்ட்' முறைக்குப் படிவத்தை மாற்றுங்கள். கூடவே ஜிஏ4இன் 'டேட்டா ரிடாக்ஷன்' பகுதியில் அந்தப் புலங்களின் பெயரைக் கொடுத்து மறைக்கச் செய்யுங்கள்.

தட்டல் வேறு, அழைப்பு வேறு, அறை போனது வேறு

எண்ணைத் தட்டியவர் எல்லாரும் பேசுவதில்லை. கணினியில் பார்த்தவர் எண்ணைப் பார்த்துக் கைப்பேசியில் அடித்துப் பேசியிருந்தால் அது தட்டலாகவே பதிவாகாது. இந்த இடைவெளியை அடைப்பதற்கு மென்பொருள் வேண்டாம். வரவேற்பு மேசையில் ஒரு பதிவேடு போதும். தேதி, நேரம், எங்கே பார்த்தார், அறை போனதா என்று நான்கு கட்டம். பேச்சின் முடிவில் "சார், நம்ம நம்பர் எங்கே பாத்தீங்க?" என்று கேட்டு 'கூகுள், வாட்ஸ்அப், தெரிந்தவர், ஆட்டோ' என்று ஒரு சொல் எழுதினால் ஆயிற்று.

வாரம் ஒருமுறை பதிவேட்டையும் மணிவாரியான தட்டல் அறிக்கையையும் அருகருகே வையுங்கள். எக்ஸ்ப்ளோரில் 'ஹவர்' என்பதை வரிசையாகவும் போன் ஈவென்ட்டை எண்ணிக்கையாகவும் போட்டால் அந்த அறிக்கை வந்துவிடும். முழு விவரம் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பதால் நேற்றை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஏழு நாளைப் பாருங்கள். பகல் மணிகளில் தட்டலும் பதிவேடும் ஏறக்குறைய ஒத்துப்போய், இரவு 9 முதல் 11 வரை தட்டல் மட்டும் இருந்து பதிவேடு வெறுமையாக இருந்தால், தளத்தில் திருத்த எதுவும் இல்லை. அந்த நேரத்தில் போன் எடுக்க ஆள் இல்லை. இரவுக் காவலர் கையில் இருக்கும் எண்ணை இரண்டாவது பொத்தானாகத் தளத்தில் சேர்த்து, அவருக்கு அன்றைய காலி அறைகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அதே இரண்டு மணி நேரத்தை மறுபடி எண்ணுங்கள்.